மண்சிலைக்குக் கீழே என் பெயர்

தம்பி,

நீ திங்கட்கிழமை தொலைபேசியில் கேட்டதற்கு அந்த நேரமே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன். உனக்கு அது சம்மதமாகப் பட்டிருக்கும். இத்தனை வருடமும் நான் யோசித்துச் சொல்கிறேன் என்றால் கடைசியில் நீ சொன்னபடிதான் நடக்கும். வீட்டை விட்டு வெஸ்ட்மீட்டில் இந்த அடுக்குமாடி யூனிற்றுக்கு வரச் சொன்னபோதும் அப்படித்தான், இந்த வயதில் கார் பழகவேண்டாம் என்றபோதும் அப்படித்தான். இந்த முறை உண்மையாகவே இருந்து யோசித்தேன். யோசித்ததை வாயால் சொன்னால் நீ நடுவில் "அம்மா, ஒருக்காக் கேளுங்கோ" என்பாய், நானும் கேட்கத் தொடங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. வரி கொஞ்சம் ஏறி இறங்கிப் போகும், பொறுமையாக வாசி.

நீ கேட்டது இரண்டு. அடுத்த சனிக்கிழமை மெரிலண்ட்ஸ் மண்டபத்தில் கண்காட்சிக்கு வைக்கப்போகிற, நான் செய்த மண்சிலைக்குக் கீழே அட்டையில் "பாலஸ்தீன அகதிப் பெண்" என்று வரப்போகிறது. அதைத் "தாய்" என்று மாற்றவேண்டும். அது முடியாதென்றால், செய்தவர் பெயர் போடுகிற இடத்தை வெறுமையாக விடவேண்டும். நீ சொன்ன காரணமும் எனக்கு விளங்கியது. "நீங்கள் செய்யிறதில எனக்கொரு பிரச்சினையும் இல்லையம்மா. ஆனா எங்கட சேர்நேம் ஒண்டுதானே. கூகுள்ள போட்டா ரெண்டு பேரும் சேர்ந்துதான் வருவம். அடுத்த மாசம் எனக்கு இன்ரவியூ. போன வருஷம் எங்கட ஒபிசில ஒருத்தி பாலஸ்தீனத்தைப் பற்றி என்னவோ போஸ்ட் பண்ணினதுக்குக் கூப்பிட்டுக் கதைச்சவங்கள்." நீ குரலை உயர்த்தவில்லை. என்னைக் கெஞ்சுவதுபோலத்தான் கேட்டாய். அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. சண்டை பிடித்திருந்தால் அந்த நேரமே நானும் பிடித்திருப்பேன்.

முதலில் இந்தச் சிலை எப்படி வந்தது என்று உனக்கு முழுக்கச் சொல்லவேண்டும். நீ போஸ்டரில் பார்த்தது ஒரு படத்தைத்தான். அப்பா போனபிறகு என் விரல்கள் மடங்க மறுத்ததும், டொக்டர் கைக்கு வேலை கொடுக்கச் சொன்னதும், நீயே என்னைக் கொண்டுபோய் அந்தப் புதன்கிழமை மண் வகுப்பில் சேர்த்ததும் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பதினேழு வருடம் தரை துடைத்த கை சும்மா இருந்தால் விறைக்காமல் என்ன செய்யும்? முதல் நாள் ஜூடி, அதுதான் நரைத்த தலையை நீளப் பின்னிக்கொண்டு வெறுங்காலோடு நிற்கிற எங்கள் ரீச்சர், ஆளுக்கு ஒரு கட்டி மண்ணைத் தந்து அழுத்திப் பிசையச் சொன்னா. நான் ரொட்டிக்குக் குழைக்கிறதுபோலக் குழைத்தேன். பக்கத்து மேசையில் இருந்த, தலையில் வெள்ளைத் துணி கட்டிய பெண்ணும் அப்படியே குழைத்துக்கொண்டிருந்தா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தோம். அவதான் நவால்.

நவாலும் நானும் பேசுவது உடைந்த ஆங்கிலம். அவ சொன்னதை நான் இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், இல்லாவிட்டால் அவவின் வாய்க்கு நியாயம் செய்ய முடியாது. அன்றைக்கு அவ என் மண்ணை விரலால் குத்திப் பார்த்துவிட்டு, "உப்புப் போட்டனியோ?" என்று கேட்டா. "போட்டிட்டன், இனிச் சுட்டு எடுக்கிறதுதான்" என்றேன். யார் மூத்தவள் என்று அடுத்த வாரம் பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் அவ எட்டு மாதம் மூத்தவ என்று வந்தது. "அப்ப இனி என்னை அக்கா எண்டு கூப்பிடு, நான் சொல்லுறதைக் கேள்" என்றா. நான் "நவாலக்கா" என்று கூப்பிடத் தொடங்க, ஜூடியும் அதுதான் பெயர் என்று நினைத்து "நவாலக்கா" என்கிறா. இன்றைக்கு வரைக்கும் நாங்கள் திருத்தவில்லை.

ஒரு நாள் நவால் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினா. கறுப்பு வெள்ளைப் படம். வரிசையாகக் கூடாரங்கள், முன்னால் ஒரு பெண், தலையில் மூட்டை, இடுப்பில் ஒரு வட்டத் தட்டு. நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது மண்டபம் முகாமெல்லோ, உமக்கு எங்காலை கிடைச்சது?" என்று கேட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை தம்பி. உண்மையாகவே நாங்கள் ராமேஸ்வரத்தில் இறங்கிப் போயிருந்த முகாம் என்றுதான் நினைத்தேன். நவால் சிரித்தா. "இது அம்மான் நகரத்துக்குப் பக்கத்தில ஒரு முகாம். இது என்ர அம்மா. நான் அங்கைதான் பிறந்தனான்." பாலஸ்தீனத்தில் யாபா பட்டினத்துக்குக் கிட்டவாம் அவவின் தாயின் ஊர். நவால் அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. தாயின் சட்டையைத்தான் கண்டிருக்கிறா. அந்த ஊர்ப் பெண்கள் சட்டையின் நெஞ்சில் போடுகிற தையலைப் பார்த்தே எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடுவார்களாம். "முகாமில எல்லாரும் ஒரே மாதிரி அழுக்காத்தான் இருந்தவை. ஆனா தையலைப் பார்த்து அம்மா தன்ர ஊர்ச் சனத்தைக் கண்டுபிடிச்சிடுவா" என்றா.

பிறகு என்னைக் கேட்டா, "நீயும் மூட்டை தூக்கினதெண்டால் உன்ர மூட்டையில என்ன இருந்தது?" நான் இதுவரை ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னேன். யாழ்ப்பாணம் முழுக்க ராணுவத்துக்குப் பயந்து பாலத்தைக் கடந்து வெளியேறிய அன்றைக்கு நான் அவதியில் கட்டிய மூட்டையில் அரிசி இல்லை, தேங்காய் துருவுகிற திருவலை இருந்தது. சாவகச்சேரியில் மூட்டையை அவிழ்த்த உன் அப்பா திருவலையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைத் துருவியே தின்னுறது?" என்று கேட்டார். நவால் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தா. "என்ர அம்மா மா அரிக்கிற அரிதட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினவ. மாவை வீட்டிலயே விட்டிட்டா. அந்தா பார் இடுப்பில, அதுதான்." படத்தில் இருந்த வட்டத் தட்டு அரிதட்டு. நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஜூடி ஓடி வந்து என்ன என்று கேட்டா. எப்படி விளங்கப்படுத்துவது? நான் அன்றைக்கே, "உம்மட அம்மாவை நான் செய்யப்போறன்" என்றேன். அவ சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. "எனக்குச் செய்ய ஏலாது. கை நடுங்குது. நீ செய்" என்றா. அவ தனக்கென்று ஒரு தண்ணீர் ஜாடி செய்யத் தொடங்கினா, முகாமில் தாய் வைத்திருந்ததுபோல. நான் தாயைச் செய்யத் தொடங்கினேன்.

ஏழு புதன்கிழமை செய்தேன். உடம்பை விட அந்தச் சட்டைதான் என் நேரத்தைத் தின்றது. பல் குத்துகிற குச்சியால் ஒவ்வொரு தையலையும் சின்னச் சின்னக் குருசாகக் கீறவேண்டும். ஒரு வரிசை மரம் வரும், ஊசிபோல நிமிர்ந்து வளருகிற மரம். நான் அழகாக நட்டுவைத்தேன். நவால் வந்து பார்த்துவிட்டு, "ஆர் உனக்குச் சொன்னது மரம் மேல்நோக்கி வளருமெண்டு?" என்றா. அவவின் அம்மா தலைகீழாகத்தான் தைப்பாவாம். "ஏன்?" என்று கேட்டேன். "அவவை ஆர் கேக்கிறது? வாயைத் திறந்தா செருப்பு வரும்" என்றா. கீறினது முழுவதையும் ஈர விரலால் தடவி அழித்துவிட்டுத் திரும்பக் கீறினேன். மற்றவர்களின் அம்மாவைச் செய்யும்போது என் அழகு, என் விருப்பம் என்று எதுவும் பார்க்க முடியாது என்று அன்றைக்குப் படித்தேன்.

அதற்குப் பிறகுதான் நான் செய்த பிழை. ஜூடி மூட்டையையும் உடம்பையும் உள்ளே கோது மாதிரிக் குடைந்தெடுக்கச் சொன்னா. குடைந்தேன். பிறகு மூட்டைக்குக் கீழே, ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில், தானே ஒரு ஊசியால் ஓட்டை போட்டுவிட்டு ஏதோ நீளமாகச் சொன்னா. எனக்குப் பாதியும் விளங்கவில்லை. "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினேன். ஆஸ்பத்திரியில் சுப்பவைசர் சொன்னபோதும் அப்படி, உன் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சொன்னபோதும் அப்படி, விசா இன்ரவியூவில் மொழிபெயர்க்க வந்தவர் பாதியை விழுங்கியபோதும் அப்படி. அவ போனபிறகு அந்த ஓட்டையைப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. நான் கொழுக்கட்டை அவிக்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். பயறும் சர்க்கரையும் வைத்து மூடிய வாய் நீராவியில் பிளந்தால் உன் அப்பம்மா என்ன சொல்லுவா தெரியுமா? "கொழுக்கட்டை வாயை மூடத் தெரியாதவள் தன்ர வாயை எப்பிடி மூடுவாள்?" அந்தப் பேச்சுக்குப் பயந்து பயந்து மூடிப் பழகிய விரல் இது. கொஞ்சம் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, ஓட்டையை அடைத்து, அடையாளம் தெரியாமல் தடவி, மேலே பல்லுப்பல்லாக மடித்தும் விட்டேன். நல்ல வேலை செய்துவிட்டேன் என்று பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த புதன் போனபோது ஜூடி வாசலில் நின்றா. மூட்டைக்குள் இருந்த ஈரம் சூளைச் சூட்டில் ஆவியாகி, போக வழியில்லாமல் வெடித்திருக்கிறது. என் பெண்ணுக்கு இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லை. பறந்த துண்டு பக்கத்தில் இருந்த நவாலின் ஜாடியில் பட்டு அதையும் மூன்றாக உடைத்துவிட்டது. நடுங்குகிற கையால் ஏழு வாரம் செய்த ஜாடி, தம்பி. நான் "ஓட்டையை நான்தான் மூடினேன்" என்று சொன்னேன். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நவால் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினா. உடைந்த மூன்று துண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டா. அடுத்த வாரம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. நான் அவவின் நம்பரை எடுத்து எடுத்து வைத்தேன், கூப்பிடத் துணிவு வரவில்லை.

மூன்றாவது வாரம் வந்தா. கையில் எள்ளும் ஏதோ பச்சைத் தழைப் பொடியும் தூவிய சூடான ரொட்டி. என் முன்னால் வைத்துவிட்டு, "நல்ல காலம் நீ வெடிக்க வைச்சாய். நான் வைச்சிருந்தால் ரீவியில காட்டியிருப்பாங்கள்" என்றா. எனக்குச் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. "அக்கா, உம்மட ஜாடியை நான் திரும்பச் செய்து தாறன்" என்றேன். "என்ர ஜாடியை நான் செய்வன். நீ என்ர அம்மாவைச் செய்து முடி. பாதியில விட்டிட்டுப் போனாயெண்டால் தெரியும்" என்று விரலைக் காட்டினா. "முடிப்பன்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் கொடுத்த வாக்கு அது. நீ அட்டையில் இருந்து எதை எடுக்கச் சொன்னாலும் நான் அந்த வாக்கைத்தான் முதலில் உடைக்கவேண்டிவரும்.

இரண்டாவது தடவை செய்யும்போது எனக்கு ஒன்று நடந்தது. முதல் பெண்ணைப் படத்தைப் பார்த்துச் செய்தேன். இரண்டாவதுக்குப் படம் தேவைப்படவில்லை. கால் வந்தபோது ஒரு காலில் செருப்பும் மற்றது வெறுங்காலுமாக வந்தது. நவால், "என்ர அம்மாவுக்கு ரெண்டு காலிலயும் சப்பாத்து இருந்தது" என்றா. நான் சொன்னேன், "ஓமக்கா, இது என்ர கால்." பாலத்தில் சனம் நெருக்கியபோது என் ஒற்றைச் செருப்பு சேற்றில் போய்விட்டது. குனிந்தால் மேலே ஏறி நடந்துவிடுவார்கள். நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, செருப்பு, அம்மா, செருப்பு" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். உனக்கு ஒன்பது வயது. நவால் அந்த வெறுங்காலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், விடு" என்றா. அவவின் அம்மாவின் சட்டையும் என் காலுமாக அந்த மண்பெண் சூளைக்குப் போனாள். ஓட்டையை நானே ஊசியால் குத்தினேன், ஜூடி சிரிக்கச் சிரிக்க மூன்று இடத்தில் குத்தினேன். முழுசாக வந்தாள்.

அட்டையில் என்ன போடுவது என்று ஜூடி கேட்டபோது நவாலின் தாயின் பெயரைப் போடுவோமா என்று நான் கேட்டேன். "வேண்டாம். பாலஸ்தீன அகதிப் பெண் எண்டு போடு. பார்க்க வாறவள் ஒவ்வொருத்தியும் தன்ர தாயைப் பார்க்கட்டும்" என்றா. போஸ்டர் அப்படித்தான் வந்தது. அதைத்தான் அபி உனக்கு அனுப்பினாள். அந்தப் பிள்ளையைப் பேசாதே. என் பேத்தி பெருமையில் அனுப்பினது. உனக்கு அனுப்புவதற்கு முதல் எனக்குப் போன் எடுத்தாள். "அப்பம்மா, இற்ஸ் சோ குட்!" என்றாள். பிறகு கேட்டாள், "அப்பம்மா, ஏன் நீங்கள் ரெஃப்யூஜி செய்தனீங்கள்?" "நாங்களும் அப்பிடித்தானேயம்மா வந்தனாங்கள்" என்றேன். பிறகு மெதுவாக, "அப்பா சொன்னவர், தன்ர பெரியப்பாவின்ர பிஸ்னசுக்கு ஹெல்ப் பண்ண வந்ததெண்டு" என்றாள். பதினைந்து வயதுப் பிள்ளை. தன் தகப்பன் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவன் என்று அவளுக்குத் தெரியாது.

நான் உன்மேல் கோபப்பட வாய் திறந்தேன், தம்பி. திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தக் கதையை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

நாங்கள் சிட்னிக்கு வந்த முதல் வருடம். பள்ளிக்கூடத்தில் "நாங்கள் இங்கே வந்த வழி" என்று படம் கீறிக்கொண்டு வரச் சொன்னார்கள். நீ குசினி மேசையில் இருந்து கீறினாய். வரிசை வரிசையாகச் சின்ன வீடுகள், தண்ணீர்க் குழாய், வாளியோடு நிற்கிற நீ, பக்கத்தில் நிற்கிற அப்பா, கொதிக்கிற சூரியன். கீழே ஆங்கிலத்தில் முகாம் என்று எழுதியிருந்தாய். நான் அதை வாங்கி நாலாகக் கிழித்தேன். குப்பை வாளியில் உருளைக்கிழங்குத் தோலுக்குக் கீழே போட்டேன். "அகதி எண்டு ஒருத்தருக்கும் சொல்லப்படாது. சொன்னா ஒரு பிள்ளையும் உன்னோட விளையாட வராது" என்றேன். நீ, "அம்மா, ஆனா நாங்கள் அதுதானே?" என்று கேட்டாய். அதற்கு நான் உன் வாயில் அடித்தேன். நீ அழவில்லை. புதுத் தாளை எடுத்து ஒரு விமானமும் ஒரு கங்காருவும் கீறினாய். பெரியப்பா கடைக்கு ஆள் தேவைப்பட்டுக் கூப்பிட்டார் என்று நான் சொல்லச் சொல்ல எழுதினாய். அதற்கு உனக்குத் தங்க நட்சத்திரம் ஒட்டித் தந்தார்கள். ஒரு வருடம் அது எங்கள் ஃபிரிட்ஜில் இருந்தது. பால் எடுக்கப் போகிற நேரமெல்லாம் நான் அதைப் பார்க்காமல் எடுக்கப் பழகினேன்.

உன் கலியாண வீட்டில் உன் மாமனார், "அப்ப நீங்கள் எந்த விசாவில வந்தனீங்கள்?" என்று கேட்டதும் நினைவிருக்கும். நீ அதே கதையைச் சொன்னாய், ஒரு சொல் பிசகாமல். பாயாசம் பரிமாறிக்கொண்டிருந்த நான் அவரைப் பார்த்துச் சிரித்து, "ஓம் ஓம்" என்றேன். உன் அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போனார். அவருக்குப் பசியில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். அன்றிரவு அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நாங்கள் களவு செய்துபோட்டே வந்தனாங்கள்?" நான் பதில் சொல்லவில்லை. அவர் இருக்கும்வரை சொல்லவில்லை.

நீ பயப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். உனக்கு வீட்டுக்கடன் இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, அந்த வேலைக்காக நீ படித்த படிப்பு எனக்குத் தெரியும். மேசையிலேயே தலை வைத்து நித்திரை கொண்ட பிள்ளை நீ. பயம் இல்லாதவர்கள் அந்தப் பாலத்தைக் கடக்கவில்லை. பயந்தபடியால்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். ஆனால் ஒன்றைப் பார். பயம் வந்தால் வரட்டும், அதன் சொல்லைக் கேட்டு உன் பிள்ளைக்குப் பொய் சொல்லாதே. நான் செய்த பிழை அதுதான். வெளியே இருக்கிற சனத்துக்கு மறைக்கத் தொடங்கி, கடைசியில் வீட்டுக்குள்ளேயே மறைத்துவிட்டேன். அபியிடம் நீயே சொல். நான் சொன்ன ஒரு வரியோடு அவள் நிற்கிறாள், மிச்சத்தை உன்னிடம்தான் கேட்பாள். தண்ணீர் வரிசையைச் சொல். செருப்பைச் சொல். உன் வாயில் நான் அடித்ததையும் சொல், அவளுக்கு என்மேல் கோபம் வந்தால் வரட்டும், அது நான் வாங்கவேண்டிய கோபம்.

கோயிலில் சாந்தியக்கா போஸ்டரைப் பார்த்துவிட்டு என்ன கேட்டா என்று உனக்குத் தெரியாது. "எங்கட சனம் பட்டது காணாதே? அதைச் செய்யாமல் உதென்ன நீர் ஊர்பேர் தெரியாத ஆக்களின்ர கதையைத் தூக்கிக்கொண்டு திரியிறீர்?" என்றா. அவ கேட்டதும் நியாயம்தான். நான் சொன்னேன், "அக்கா, என்ர கதையைச் செய்யத்தான் முப்பது வருஷமா எனக்குத் துணிவு வரேல்லை. இன்னொருத்தியின்ர தாயைச் செய்யப் போய்த்தான் வந்தது." அவ, "உமக்கு இப்ப நல்லா வாய் வந்திட்டுது" என்றா. திறப்பு விழாவுக்கு வருகிறேன் என்றும் சொன்னா. சாந்தியக்கா வந்தால் பாதிக் கோயில் வரும், உனக்குத் தெரியும்தானே.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். "தாய்" என்று மாற்றமாட்டேன். உலகத்தில் உள்ள எல்லாத் தாயும் அரிதட்டைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அவள் ஏன் ஓடினாள், எங்கே இருந்து ஓடினாள் என்பதை எடுத்துவிட்டால், அந்தச் சட்டையில் நான் கீறிய மரத்தில் ஒன்றுக்கும் பொருள் இல்லை. நவாலின் தாயைக் கூப்பிட்டு வைத்துவிட்டு அவளுடைய ஊரை வாசலில் நிறுத்த எனக்கு மனம் வராது. உன் வாயில் அடித்து எந்தச் சொல்லை நிறுத்தினேனோ, அந்தச் சொல்லைத் திரும்ப நானே என் கையால் எழுதவேண்டும். அதை வேறு ஒருவர் எனக்காகச் செய்ய முடியாது.

பெயரையும் எடுக்கமாட்டேன். இதை எழுதத்தான் எனக்கு அதிகம் யோசனை. வெறும் என் பெயரை மட்டும் போட்டு, உன் அப்பாவின் பெயரை விட்டுவிட்டால் உன்னைத் தேடுகிறவர்கள் என்னைக் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்று ஒரு வழி தோன்றியது. நேற்று ஒரு தாளில் அப்படி எழுதியும் பார்த்தேன். என் பெயர் தனியே நிற்கிறபோது நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் தம்பி, அந்தப் பெயர் உன்னுடைய ஒபிசுக்கு முதல் ஒரு மனிதனுடையது. அவர் அந்தப் பாலத்தில் எனக்குப் பக்கத்தில் நடந்தார். மழையில் தான் போட்டிருந்த சேட்டைக் கழற்றி உன் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்தார். முகாமில் பதிகிறபோது அதிகாரி கேட்க, தன் பெயரை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அவர் உயிரோடு இருந்தபோது அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நாங்கள் களவு செய்துவிட்டு வரவில்லை. இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும்.

இன்ரவியூவில் யாராவது உன்னைக் கேட்டால், அது என் அம்மா, அவவுக்கு நான் சொன்னேன், அவ கேட்கவில்லை என்று சொல். அது உண்மைதானே. அதற்குமேல் உனக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. இந்த முறை நீ என்ன சொல்லவேண்டும் என்பதை நீதான் தேடவேண்டும்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குத் திறக்கிறார்கள். நவாலின் இரண்டாவது ஜாடியும் பக்கத்து மேசையில் இருக்கும், கழுத்து கொஞ்சம் கோணல், அவ அதை வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறா. நான் நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஜூடியிடம் அட்டையைக் கொடுத்துவிடுவேன். அந்தப் பக்கம் போகிறபோதுதான் இந்தக் கடிதத்தையும் தபாலில் போடுவேன். உன் கைக்கு வர இரண்டு மூன்று நாள் செல்லும், அதற்குள் அட்டை அச்சுக்குப் போயிருக்கும். ஆகையால் என்னை எப்படி நிறுத்துவது என்று யோசிக்காதே, தம்பி. என்ன சேட் போட்டுக்கொண்டு வருவது என்று யோசி.

உன் அம்மா